ருசி பார்க்காத சமையல்காரன்

1

இந்த அக்டோபரோடு நான் ஜெர்மனிக்கு வந்து எட்டு வருடம் முடிகிறது. எட்டு வருடத்தில் நான் சமைத்ததைச் சாப்பிட்டுவிட்டு ஒருவரும் முகம் சுளித்ததில்லை என்று பெருமையாகச் சொல்லித்தான் இந்தக் குறிப்புகளைத் தொடங்குவதாக இருந்தேன். ஆனால் கடந்த மூன்று வாரமாக நிலைமை அப்படி இல்லை. ஆகவே முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன். சொல்லும்போதாவது எனக்கே புரிகிறதா என்று பார்க்கலாம்.

நான் மதுராந்தகத்துக்காரன். பெயர் வரதன். இங்கே ஆற்றங்கரையில் ஒரு சின்ன ஊர். அதில் பிரிகிட்டே என்கிற அம்மாள் நடத்தும் பதினான்கு அறை விடுதி. அதற்கு நான் சமையல்காரன். மனைவி பத்மா கருங்குழிப் பெண். மகள் நித்யாவுக்குப் பன்னிரண்டு வயது, ஏழு வயதில் இங்கே வந்தவள். வீட்டில் தமிழ்தான் பேசுவாள். கோபம் வந்தால் மட்டும் ஜெர்மனுக்குத் தாவிவிடுவாள். பத்மாவுக்கு ஜெர்மன் பாதிதான் தெரியும் என்பதால் திட்டும் பாதிதான் போய்ச் சேருகிறது.

பிப்ரவரியில் ஒரு நாள் நித்யா ஏதோ வார இதழிலிருந்து ஒரு வண்ணத்தாளைக் கத்தரித்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினாள். உலகத்தில் ஒவ்வொருவரும் ஒரு முறையாவது சாப்பிட்டுப் பார்க்க வேண்டிய நூறு உணவுகள் என்று பட்டியல். எனக்குச் சமைக்கத் தெரிந்ததற்கெல்லாம் பச்சைப் பேனாவால் புள்ளி வைப்பதாகச் சொன்னாள். ஸ்பகெட்டி தெரியுமா, தெரியும். கொண்டைக்கடலை ஹம்முஸ், தெரியும். வெங்காய சூப், ஆப்பிள் அடை, எள்ளு அல்வா, மீனை உப்புக்குள் புதைத்துச் சுடுவது, எல்லாம் தெரியும். நாற்பத்து மூன்று பச்சைப் புள்ளி விழுந்தது. எனக்கே கொஞ்சம் தலைக்கனம் வந்துவிட்டது.

"சரி, இப்போ நீ சாப்ட்டதுக்குச் சிவப்பு" என்று பேனாவை மாற்றிக்கொண்டாள்.

மாம்பழம், தோசை, சமோசா, சாக்லேட், ஐஸ்கிரீம், பிறை வடிவ பிரெஞ்சு ரொட்டி. ஆறு. அதற்கு மேல் நகரவில்லை.

"ஸ்பகெட்டி சாப்ட்டதில்லையா? தினம் பண்றியே!"

"இல்லைடி."

"வாயில கூட வெச்சதில்லையா? அப்போ நன்னா இருக்குன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"சாப்பிடறவா சொல்லுவா" என்றேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அப்பா, நீ சமையல்காரன் இல்லை. நீ மெஷின்" என்றாள்.

வேறு மாதமாக இருந்தால் சிரித்திருப்பேன். ஜனவரியில்தான் இதே காரணத்துக்காக ஒரு பரீட்சையில் கோட்டை விட்டிருந்தேன். அந்தப் பரீட்சையை நம்பித்தான் எங்கள் மூன்று பேரின் இருப்பே இருந்தது.

2

விஷயம் இதுதான். எனக்கு இங்கே இருப்பது வேலையோடு சேர்த்து முடிச்சுப் போட்ட தங்கும் உரிமம். பிரிகிட்டேயின் அடுப்படியில் இருக்கும்வரை இந்த நாட்டில் இருக்கலாம். வேலை போனால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். பிரிகிட்டேக்கு வயதாகிவிட்டது. வருடக் கடைசியில் விடுதியை மகனிடம் ஒப்படைக்கிறாள். மகன் நல்ல பையன். ஆனால் சான்றிதழ் இல்லாத ஆளை அடுப்படிக்குப் பொறுப்பாக வைத்தால் கடன் கொடுக்கும் வங்கியில் கேள்வி கேட்பார்களாம். சமையல்காரன் என்று முத்திரை குத்திய தாள் ஒன்று வேண்டும்.

வெளிநாட்டவர் அலுவலகத்துக்குப் போனேன். அந்த அலுவலகத்தைப் பற்றித் தனியாகவே எழுதலாம். எந்த ஜன்னலுக்குப் போனாலும் நமக்கு வேண்டியது அடுத்த ஜன்னலில்தான் இருக்கும். என் ஜெர்மன் முழுக்க அடுப்படியில் கற்ற ஜெர்மன். அங்கே எல்லோருக்கும் எல்லோரும் 'நீ'தான். "நீ இந்த இடத்தில் கையெழுத்துப் போடு" என்று அதிகாரி அம்மாளிடமே சொல்லிவிட்டேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு நிமிடம் பார்த்தார். நம்மூர் தாலுகா ஆபீசில் அப்படிப் பேசியிருந்தால் கோப்பு அன்றைக்கே காணாமல் போயிருக்கும். இவர் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, "இந்த உரிமம் அக்டோபர் முப்பத்தொன்றாம் தேதிவரைதான். அதற்குள் சான்றிதழ் கொண்டுவாருங்கள். இல்லையென்றால் நாம் வேறு விதமாகப் பேச வேண்டியிருக்கும்" என்றார். மரியாதையாகச் சொன்னதுதான் அதிகம் பயமாக இருந்தது.

பல வருடம் அடுப்படியில் வேலை பார்த்தவர்கள் பள்ளிக்குப் போகாமலே தேர்வு எழுதலாம் என்று ஒரு வழி உண்டு. எழுத்துத் தேர்வுக்கு நித்யா சொல்லிக் கொடுத்தாள். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு பன்றியின் உடம்பை முப்பது பாகமாகப் பிரித்துப் பெயர் சொல்லப் படித்தேன். பக்கத்தில் பத்மா ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டு மறு கையால் விளக்கேற்றினாள். அதில் தேறிவிட்டேன்.

ஜனவரியில் செய்முறைத் தேர்வு. உருளைக்கிழங்கு சூப், ஆற்று மீன், ஆப்பிள் கேக். வெள்ளைக் கோட்டு போட்ட மூன்று பேர் கையில் அட்டையோடு என்னைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். கடைசியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள், தட்டை ரொட்டியால் துடைத்துச் சாப்பிட்டார்கள். எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. ஆனால் முடிவுத் தாளில் 'சுவை: மிக நன்று' என்று எழுதி, அதன் கீழேயே 'ஒரு முறைகூட ருசி பார்க்கவில்லை, தொழில் முறைக்கு ஒவ்வாது' என்று எழுதியிருந்தது. ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் அந்தக் கட்டத்தில் பூஜ்யம். கொஞ்சத்தில் போய்விட்டது.

தலைமைத் தேர்வாளருக்கு அடர்த்தியான மீசை. என்னைத் தனியாக அழைத்தார். "உங்கள் மதத்தில் மீன் கூடாது என்று எனக்குப் புரிகிறது. ஆனால் உருளைக்கிழங்கு சூப் என்ன பாவம் செய்தது?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். என்னிடம் பதிலும் இருந்தது. ஜெர்மனில் இல்லை.

3

அப்பா மதுராந்தகத்தில் ஒரு பெருமாள் கோயில் மடப்பள்ளியில் முப்பத்து நான்கு வருடம் தளிகை பண்ணியவர். அடுப்பு மூட்டும் முன்பு வாயையும் மூக்கையும் சேர்த்துத் துணியால் கட்டிக்கொள்வார். பெருமாள் அமுது செய்கிற வரைக்கும் அதில் யாருடைய எச்சிலும் படக்கூடாது, மூச்சும் படக்கூடாது. உப்பு கைக்கணக்கு. புளி கொதிக்கிற சத்தம் மாறுவதை வைத்துப் பதம் சொல்வார். வாய்க்கு அங்கே வேலையே இல்லை.

வீட்டிலும் அதே வழக்கம். அம்மா ருசி பார்த்ததில்லை, இங்கே பத்மாவும் பார்ப்பதில்லை. மைக்ரோவேவ் மேல் பெருமாள் படம் வைத்திருக்கிறாள். குக்கரைத் திறந்து அவருக்குக் காட்டிய பிறகுதான் எங்களுக்கு. உப்புப் போடாத சாம்பாரை எங்கள் வீட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில்தான் கண்டுபிடிப்போம். நித்யா மட்டும் சின்ன வயதிலிருந்து பாத்திரத்தில் விரலை விட்டு நக்குவாள். "எச்சப் பண்ணாதேடி" என்று பத்மா கரண்டியால் கையில் ஒன்று வைப்பாள்.

நான் பெரிய பக்திமான் இல்லை. முன்பு மாமல்லபுரத்து ஓட்டல் ஒன்றில் மீனை வெட்டி, செதில் எடுத்து, இறால் உரித்துப் பொரித்தவன். ஆனால் இது பக்தி சம்பந்தப்பட்டதே இல்லை. யாராவது நம்மை இடது கையால் சாப்பிடச் சொன்னால் எப்படி இருக்கும், அப்படி. பரீட்சையில் கரண்டியில் சூப்பை எடுத்தேன். வாய் வரைக்கும் போயிற்று. கை தானாகத் திரும்பி வந்துவிட்டது. மீசைக்காரர் அதையும் அட்டையில் குறித்துக்கொண்டார்.

4

மாமல்லபுரத்துக்கு நான் போனது சமைக்க அல்ல, கல்லாவில் உட்கார. எண்பத்தொன்பதில் பி.காம். இரண்டு பாடத்தில் தட்டிப்போய் வீட்டில் சும்மா இருந்தபோது, ஒத்தவாடைத் தெருவில் மொட்டை மாடியில் கீற்றுக் கொட்டகை போட்டு வெளிநாட்டுக்காரர்களுக்கு ஓட்டல் நடத்திய மணி அண்ணனிடம் சேர்ந்தேன். இரண்டாவது மாதம் அவருடைய சமையல்காரன் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டான்.

"சாமி, அய்யரு வூட்டுப் புள்ள நீ. சமையலு ரத்தத்துலயே கீது. போய் அடுப்பப் பத்த வை" என்றார் மணி அண்ணன். நாங்கள் ஐயங்கார் என்று ஆறு வருடத்தில் நூறு தடவை சொல்லியிருப்பேன். அவருக்கு எல்லாம் ஒன்றுதான்.

அந்த ஓட்டலின் பலகையில் உலகத்தில் இருக்கும் நாடுகளெல்லாம் இருந்தன. ஒன்றுமே எங்களுக்குத் தெரியாது. யார் எதைக் கேட்டாலும் "யெஸ், யெஸ்" என்பார் மணி அண்ணன். பிறகு கேட்டவரையே உள்ளே கூட்டிக்கொண்டு வந்து, எப்படிச் செய்வதென்று காட்டச் சொல்வார். இத்தாலிக்காரன் ஒருவன் லுங்கியோடு வந்து நின்று தக்காளிச் சாறு காய்ச்சக் கற்றுத் தந்தான். நான் கரண்டியை அவன் வாயருகே நீட்டுவேன், குழந்தைக்கு ஊட்டுகிற மாதிரி. அவன் சப்புக்கொட்டிப் பார்த்து உப்பு என்பான், இன்னும் என்பான், போதும் என்பான். போதும் என்றதும் நோட்டில் எழுதிக்கொள்வேன்: 'உப்பு மூன்று விரல், நகம் வரை. கொதி அடங்கி எண்ணெய் பிரியும் சத்தம்.' அடுத்த தடவை யாரையும் கேட்காமல் அதே போல் செய்வேன். மூக்கை மட்டும் அனுமதித்துக்கொண்டேன். அப்பா அதையும் ஒத்துக்கொண்டிருக்க மாட்டார். அவரிடம் ஓட்டலில் மேனேஜர் என்று சொல்லி வைத்திருந்தேன்.

அடுத்த மாடிகளிலும் இதே பலகைகள்தான். ஆனால் கூட்டம் எங்களிடம் வந்தது. காலையில் சிற்பிகளின் உளிச் சத்தம் தொடங்கும்போதே மாடிப்படியில் செருப்புகள் சேர ஆரம்பித்துவிடும். "அங்க எல்லாம் இந்தியா மாறி கீதாம், இங்கதான் அவங்க ஊரு மாறி கீதாம்" என்று மணி அண்ணன் மொழிபெயர்த்துச் சொல்வார்.

அப்படி வந்தவள்தான் பிரிகிட்டே. முதல் வருடம் உருளைக்கிழங்கு சூப் எனக்குக் கற்றுக் கொடுத்துவிட்டுப் போனாள். மறு வருடம் வந்து அதைக் குடித்தாள். மூன்றாம் வருடம் குடித்துவிட்டு அழுதாள். செத்துப்போன தன் அம்மா வைத்தது போலவே இருக்கிறது என்றாள். அந்தக் கண்ணீர்தான் எனக்கு விசா.

5

மறு பரீட்சை செப்டம்பர் என்று கடிதம் வந்தது. நடுவில் ஆகஸ்டில் நித்யாவுக்குப் பள்ளி விடுமுறை. மூன்று பேரும் ஊருக்குப் போனோம். உண்மையைச் சொன்னால், அப்பாவைக் கேட்டுவிட்டு வரத்தான் போனேன். முப்பத்தைந்து வயதில், சூப்பை நக்கலாமா என்று கேட்க இத்தனை தூரம் விமானம் ஏறியவன் நானாகத்தான் இருப்பேன்.

அப்பா ஓய்வுபெற்று ஐந்து வருடமாகிறது. கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். பரீட்சை கதையைச் சொன்னேன். மீன் என்கிற இடத்தை முழுங்கிவிட்டேன்.

"மீனும் பண்றயோன்னோ? சொல்லு, தெரியும். மகாபலிபுரத்துல என்ன பண்ணிண்டிருந்தேன்னு பஸ் கண்டக்டர் அப்போவே சொல்லிட்டான்" என்றார், தாளிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பதினான்கு வருடமாக நான் கட்டிக் காத்த பொய்.

"சரி, யாருக்குத் தளிகை?"

"மூணு பரீட்சைக்காராளுக்கு."

"அவா பெருமாளா?"

"இல்லைப்பா."

"அப்போ எதுக்கு என்னைக் கேக்கறே?"

அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். அவர் தாளை மடித்து வைத்தார்.

"உப்பு கூடிப் போன நாள் எத்தனையோ இருக்குடா. எல்லாம் முடிஞ்சு ஆத்துக்கு வந்து என் பங்குப் பிரசாதத்தை வாயில போட்டுண்டப்புறம்தான் தெரியும். அதுக்குள்ள அவர் அமுது பண்ணிட்டிருப்பார், ஊரே வாங்கிண்டு போயிருக்கும். அன்னிக்குச் சாதம் இறங்காது. மறுநாள் கையைக் குறைச்சுப்பேன். அவ்வளவுதான் பண்ண முடியும்."

"கை பழகினப்புறம் பயம் போயிடலையா?"

"எங்க போறது? முப்பத்து நாலு வருஷமும் பயம்தான்" என்றார்.

நான் நினைத்திருந்த அப்பா வேறு. துணியைக் கட்டிக்கொண்டு அடுப்பின் முன்னால் நின்றவருக்கு எல்லாம் தெரியும் என்றுதான் இத்தனை நாளும் நம்பியிருந்தேன். பார்க்கலாம் என்றோ கூடாது என்றோ ஒரு வார்த்தையில் சொல்வார் என்று வந்தேன். இப்போது முன்னைவிடக் குழம்பிப்போனேன்.

மறுநாள் நித்யாவை மாமல்லபுரத்துக்குக் கூட்டிப் போனேன். அதே மாடி, அதே கீற்று. மணி அண்ணன் தொந்தி போட்டிருந்தார்.

"இன்னா சாமி, ஜெர்மன்காரனாவே ஆய்ட்டியே! இது உன் பொண்ணா? குந்தும்மா. இன்னா சாப்புடற?"

அவள் ஸ்பகெட்டி கேட்டாள். புதுச் சமையல்காரன் செய்து கொண்டுவந்தது மிளகாய்ச் சிவப்பாக இருந்தது. நான் இதற்கிடையில் பரீட்சையைப் பற்றிச் சொன்னேன். மணி அண்ணன் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

"டேஸ்ட்டு பாக்கலன்னு ஃபெயில் பண்ட்டானா? அட போ நைனா! நீ வாயில வெக்காம செஞ்சதாலதான் நம்ம கட ஓடுச்சி. நீ லீவு போட்ட ஒரு நாளு நானு டேஸ்ட்டு பாத்துப் பாத்து சரி பண்ணேன். ஒரு வெள்ளக்காரன் கண்ணுல தண்ணி ஊத்திகினே எய்ந்து பூட்டான். இப்ப இவன் இன்னா பண்றான்? ருசி பாக்கறான். கூட்டம் எங்க கீது? ஒரே பேஜாரு."

"அப்ப நான் நல்ல சமையல்காரனா, இல்லையாண்ணா?"

"அத்த ஏன் என்னக் கேக்கற? நானு கல்லாவுல குந்திகினு இருந்தவன்."

நித்யா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, தட்டைக் காலி பண்ணியிருந்தாள். "இது ஸ்பகெட்டி இல்லை. ஆனா நன்னா இருக்கு" என்றாள். இந்த ஊரில் எதுவும் பிடிக்கவில்லை என்று பத்து நாளாக முனகிக்கொண்டிருந்தவள் அவள். நான் செய்யும் ஸ்பகெட்டியைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை அப்படிச் சொன்னதில்லை. எனக்குச் சுருக்கென்றது.

6

திரும்பி வந்ததும் நித்யா எனக்கு வாத்தியார் ஆனாள். பள்ளி விட்டு வந்ததும் ஏப்ரனைக் கட்டிக்கொள்வாள். மைக்ரோவேவ் மேலிருந்த பெருமாள் படத்தை ஒரு துண்டால் மூடுவாள். "அவர் பார்க்கலை, நீ பாரு" என்பாள். பத்மா முதல் நாள் கத்தினாள், இரண்டாம் நாள் சிரித்தாள், மூன்றாம் நாள் துண்டைத் துவைத்துக் காயப்போட்டாள்.

முதலில் உருளைக்கிழங்கு சூப். பத்து வருடத்துக்கு மேலாக நான் செய்துவரும் சூப். கண்ணை மூடிக்கொண்டு வாயில் வைத்தேன்.

ஒன்றும் இல்லை. வெந்நீரில் உருளைக்கிழங்கைக் கரைத்த மாதிரி. இதற்காகவா பிரிகிட்டே அழுதாள்? இன்னொரு கரண்டி எடுத்தேன். அப்படியேதான். அந்த வாரம் முழுக்க ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஸ்பகெட்டி, ஹம்முஸ், வெங்காய சூப். எதை வாயில் வைத்தாலும் இன்னும் ஏதோ வர வேண்டும், வரவில்லை என்றே இருந்தது. மனிதன் சாவதற்குள் ஒரு முறையாவது சாப்பிட்டே ஆக வேண்டும் என்று பட்டியல் போட்டவர்கள் இதையா சொன்னார்கள்? இல்லை, நான்தான் சரியாகச் செய்யவில்லையா? கேட்கவும் ஆளில்லை. சாப்பிட்டவர்கள் எல்லோரும் பிரமாதம் என்றுதானே சொல்லியிருக்கிறார்கள்.

செப்டம்பர் பரீட்சையில் எனக்கு விழுந்தது ரொட்டி உருண்டையும் காளான் குழம்பும். எங்கள் ஆத்தில் காளானும் கிடையாது. மீனுக்கு இது பரவாயில்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அதே மூன்று பேர், அதே மீசை. குழம்பு பதத்துக்கு வந்தது. கை தன் கணக்குக்கு உப்பைப் போட்டது. ஜனவரியில் அத்தோடு அடுப்பை அணைத்திருப்பேன். இப்போது கரண்டியை எடுத்து, எல்லோரும் பார்க்க, வாயில் வைத்தேன். மூன்று பேனாக்களும் அசைந்தன.

போதவில்லை. உப்புப் போட்டேன். மறுபடி பார்த்தேன். கொஞ்சம் தேவலை. மிளகைத் தட்டிப் போட்டேன். அப்புறம் ஒரு மூடி எலுமிச்சை. மறுபடி வாயில் வைத்தேன். அடடா. காளானே தன்னைத் தானே அடையாளம் கண்டுகொண்டு எழுந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. நான் சமைத்த ஒன்றை எனக்கே பிடித்திருந்தது. பரீட்சை, உரிமம், அதிகாரி அம்மாள் எல்லாம் மறந்துவிட்டது. இன்னொரு கரண்டி எடுத்துக்கொண்டேன். அது பரீட்சைக்காக இல்லை.

மூன்று பேரும் சாப்பிட்டார்கள். முதலில் ஒருவர் தண்ணீரை எடுத்தார். பிறகு இன்னொருவர். மீசைக்காரர் மெதுவாக மென்றார்.

"ருசி பார்த்தீர்களே, உங்களுக்கு எப்படி இருந்தது?"

"எனக்குப் பிடித்திருந்தது" என்றேன். அந்த வாக்கியத்தை நான் எந்த மொழியிலும் சொன்னதில்லை.

முடிவுத் தாளில் 'ருசி பார்த்தல்: முறையாகச் செய்தார், முழு மதிப்பெண்' என்றும், 'சுவை: உப்பும் காரமும் மிகுதி, குறைந்தபட்ச மதிப்பெண்' என்றும் எழுதியிருந்தது. மொத்தத்தில் தேர்ச்சி. தட்டைத் துடைத்துச் சாப்பிட்ட சமையலுக்கு ஃபெயில், தண்ணீர் குடித்துக் குடித்து இறக்கிய சமையலுக்குப் பாஸ். இதை யாரிடம் போய்ச் சொல்லி நியாயம் கேட்பது? கேட்டால் பாஸும் போய்விடும்.

அலுவலகத்தில் அதிகாரி அம்மாளிடம் ஒரே வாக்கியத்தில் மூன்று முறை 'நீங்கள்' போட்டுப் பேசினேன். அவர் சிரித்துக்கொண்டே முத்திரையைக் குத்தினார். இனி இரண்டு வருடத்துக்கு ஒரு முறை வந்து நிற்க வேண்டாம். வெளியே பத்மாவும் நித்யாவும் காத்திருந்தார்கள். நித்யா நடைபாதையில் குதித்தாள். அவள் ஊர் இதுதான் என்று அப்போது எனக்கு உறுதியாகத் தெரிந்தது. என் ஊர் எது என்று யோசிக்க நேரமில்லை, சாயங்காலம் விடுதியில் முப்பது பேருக்குச் சாப்பாடு.

7

பிரிகிட்டேயின் மகன் சான்றிதழுக்குச் சட்டம் போட்டுச் சாப்பாட்டுக் கூடத்தில் மாட்டினான். அதன் கீழே உட்கார்ந்துதான் இப்போது எல்லோரும் சாப்பிடுகிறார்கள். தட்டுகள் பாதியோடு திரும்பி வர ஆரம்பித்தன. ஞாயிற்றுக்கிழமைதோறும் வரும் ஒரு கிழவர் மூன்று குவளை தண்ணீர் கேட்டாராம். அடுத்த வாரம் அவர் வரவே இல்லை.

மூன்றாவது வாரம் பிரிகிட்டே அடுப்படிக்கு வந்து கதவைச் சாத்தினாள். ஒரு கிண்ணத்தில் சூப்பை ஊற்றிக்கொண்டு நின்றபடியே குடித்தாள்.

"வரதன், இது என் அம்மாவுடைய சூப் இல்லை."

"இப்போது ருசி பார்த்துச் செய்கிறேன், பிரிகிட்டே."

"தெரிகிறது" என்றாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். "தயவு செய்து பார்க்காதே. முன்பு எப்படிச் செய்தாயோ அப்படியே செய்."

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ருசி பார்க்கிறேன் என்பதற்காகத்தான் அரசாங்கம் எனக்கு ஒரு தாளைக் கொடுத்து, அதைச் சட்டம் போட்டு வெளியே மாட்டியிருக்கிறது. உள்ளே என் முதலாளி ருசி பார்க்காதே என்று கெஞ்சுகிறாள். இத்தனை வருடம் அவர்கள் பாராட்டியது என் சமையலையா, இல்லை அதில் நான் இல்லாததையா? அவளிடம் கேட்கவில்லை. நல்லவள், அவளுக்கும் பதில் தெரியாது.

மறுநாள் பார்க்காமல் செய்ய முயன்றேன். முடியவில்லை. கைக்கு நம்பிக்கை போய்விட்டது. போட்ட உப்பு சரிதானா என்று உள்ளுக்குள் ஒருவன் கேட்டுக்கொண்டே இருக்கிறான். வாயில் வைத்தால்தான் அடங்குகிறான். இன்னொன்றும் உண்டு. எனக்கு அந்த ஒரு கரண்டி வேண்டியிருக்கிறது. வெட்கமாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

ஆகவே இப்போது நான் செய்வது இதுதான். பழைய அளவுக்கு உப்புப் போடுகிறேன். கரண்டியில் எடுத்து வாயில் வைக்கிறேன். போதவில்லை என்று தெரிகிறது. ஒவ்வொரு தடவையும் தெரிகிறது. உப்பு ஜாடி கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. அதைத் தொடாமல், குறையோடேயே தட்டில் ஊற்றி மணியை அடிக்கிறேன். இன்று மத்தியானம் முப்பத்தொரு தட்டு அப்படிப் போயிற்று. முப்பத்தொன்றும் துடைத்த மாதிரி திரும்பி வந்தன. பிரமாதம் என்று சொல்லச் சொன்னார்களாம்.